எஞ்சினை எங்கே பொருத்துவது? வழக்கத்துக்கு மாறான விமான வடிவங்களும் எரிபொருள் சிக்கனமும்

கொட்டகலை ஆசிரியர்:

வணக்கம். உயர்தர பௌதிகவியல் வகுப்பில் பாயிகளின் இயக்கம் பற்றிய அலகை முடிக்கும் தறுவாயில் ஒரு மாணவி ஹொண்டாஜெட் என்ற சிறிய ஜெட் விமானத்தின் படத்தைக் காட்டி, ஏனைய விமானங்களில் இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின் இதில் மட்டும் ஏன் இறக்கையின் முதுகில் நிற்கிறது என்று கேட்டார். அதன் தொடர்ச்சியாக, உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த எதிர்கால விமானங்களில் எஞ்சின்கள் பின்புறத்தில் மேலே இருப்பதும், சில வடிவங்களில் வாலோடு பாதி புதைந்திருப்பதும் பேச்சுக்கு வந்தன. இடத்தை மாற்றுவதால் எரிபொருள் உண்மையிலேயே மிச்சமாகுமா, அல்லது இரைச்சல் போன்ற வேறு காரணங்களுக்காகத்தான் எஞ்சின் இடம் மாறுகிறதா என்பதை உந்தம், இயக்கசக்தி என்ற அளவில், மாணவர்கள் பின்தொடரக்கூடிய விதத்தில் யாராவது விளக்குவீர்களா? படத்தைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாமல் கணக்கோடு பேசினால் நல்லது.

பேராதனைப் பழைய மாணவன்:

சேர், இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின் ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதைப் பார்க்காமல் மற்ற வடிவங்களுக்குப் போனால் குழப்பமே மிஞ்சும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1947 டிசம்பரில் பறந்த போயிங் பி-47 குண்டுவீச்சு விமானம்தான் இந்த வழக்கத்துக்கு முன்னோடி. 1949 இல் பறந்த பிரித்தானியாவின் கொமெற் பயணிகள் விமானம் இதற்கு நேர் எதிரான வழியில் சென்று, எஞ்சின்களை இறக்கை உடலோடு சேரும் பகுதிக்குள்ளேயே புதைத்து வைத்தது. காற்று பார்க்கும் உருவம் மட்டும்தான் கணக்கென்றால் கொமெற்தான் வென்றிருக்க வேண்டும், ஏனெனில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறையும் இல்லை, அதைத் தாங்கும் கையும் இல்லை. ஆனால் புதைத்த எஞ்சினின் விட்டத்தை இறக்கையின் தடிப்பு கட்டிப்போட்டுவிடுகிறது. பிற்காலத்தில் எரிபொருள் சிக்கனத்தின் பெரும்பகுதி பெரிய விட்டமுள்ள விசிறிகளில்தான் கிடைத்தது என்பதை நினைத்தால், அது எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்பது விளங்கும்.

வகுப்பில் சொல்வதற்கு இன்னொரு விடயம் உண்டு. பறக்கும்போது தூக்குவிசை இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. இறக்கையின் நடுவழியில் தொங்கும் எஞ்சினின் நிறை கீழ்நோக்கி இழுப்பதால், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விழும் வளைவுத் திருப்பம் குறைகிறது. அதனால் இறக்கையை இலேசாகக் கட்டலாம், விமானத்தின் மொத்த நிறை குறைகிறது, வேண்டிய தூக்குவிசையும் அதனால் பிறக்கும் இழுவையும் குறைகின்றன. எஞ்சினை இறக்கையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றுகிற எவரும் இந்தச் சலுகையை இழந்துவிட்டே தொடங்குகிறார்.

1955 இல் பறந்த பிரான்சின் கரவெல் எஞ்சின்களை வாலருகே உடலின் இரு பக்கங்களிலும் ஒட்டி, இறக்கையை முற்றாகத் துப்புரவாக்கியது. அந்த வழியில் வந்த பிந்திய விமானங்களில் கிடைவால் நிலைக்குத்து வாலின் உச்சிக்கே ஏறிவிட்டது. மூக்கு மிக உயர்ந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது, அதன் கலங்கிய காற்றுக்குள் அந்த உயர்ந்த வாலும் மூழ்கிவிடுவதால் மூக்கைத் தாழ்த்தவே முடியாமல் போகிறது. 1963 ஒக்டோபரில் பிஏசி ஒன்-இலெவன் விமானத்தின் முதல் மாதிரி இவ்வாறுதான் விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

ஹட்டன் பொறியியலாளர்:

மேலே தம்பி எழுதியது சரி. ஆனால் சேர் கேட்டது கணக்கு. அதைக் கொடுத்துவிட்டால் ‘பின்புறத்தில் ஏன்’ என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

விமானம் செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் செல்கிறது என்றும், எஞ்சின் ஒவ்வொரு செக்கனும் 100 கிலோகிராம் காற்றை உள்வாங்கி 10,000 நியூட்டன் உந்துவிசை தரவேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். விமானத்தில் இருப்பவரின் பார்வையில், கலங்காத காற்று 200 மீற்றர் வேகத்தில் எஞ்சினுக்குள் நுழைகிறது. உந்த மாற்ற வீதம் 10,000 ஆக வேண்டுமென்றால் வேகம் 100 ஆல் கூடவேண்டும், ஆகவே காற்று 300 இல் வெளியேறும். இயக்கசக்தி கூடும் வீதம், அதாவது எஞ்சின் கொடுக்கவேண்டிய வலு, 50 × (90,000 − 40,000), அதாவது 2.5 மெகாவாட்.

இப்போது அதே எஞ்சினை உடலின் வாலில் வையுங்கள். உடலின் மேற்பரப்பில் உரசி வந்த காற்று ஏற்கெனவே மந்தமாகி, சராசரியாக 150 இல் வருகிறது என்போம். அதே 10,000 நியூட்டனுக்கு அது 250 இல் வெளியேறினால் போதும். வலு 50 × (62,500 − 22,500), அதாவது 2.0 மெகாவாட். உந்த மாற்றம் வேகத்தோடு நேராகக் கூடுகிறது, இயக்கசக்தியோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது; மந்தமான காற்றைத் தள்ளினால் அதே விசைக்குக் குறைந்த வலு போதுமாவது இந்த வித்தியாசத்தால்தான். விமானம் தன் பின்னால் விட்டுச் செல்லும் மந்தக் காற்றும், எஞ்சின் பீச்சும் அதிவேகக் காற்றும் தனித்தனியே வளிமண்டலத்தில் கலந்து வீணாவதற்குப் பதிலாக, ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது என்றும் இதைப் பார்க்கலாம். கப்பல்களின் உந்துசுழலி பின்புறத்தில் இருப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று.

கணக்கில் வந்த 20 சதவீதத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் எல்லைப்படைக் காற்றாக, அதாவது மேற்பரப்பை ஒட்டி உரசி மந்தமான காற்றாக, இருந்தால்தான் அது கிடைக்கும். மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் உருவாக்கிய டி8 என்ற வடிவத்தில், இரட்டைக் குமிழ் போல அகன்ற உடலின் பின்முதுகில் எஞ்சின்கள் பதிந்திருக்கும். அவை உடலின் எல்லைப்படையில் ஒரு பங்கையே விழுங்கும். அதன் 11 இல் ஒரு பங்கு மாதிரியை நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது கிடைத்த வலுச் சேமிப்பு 8 முதல் 9 சதவீதம் வரை. வெறும் இடமாற்றத்தால் இவ்வளவு கிடைப்பது விமானத் துறையில் சிறிய விடயமல்ல.

பதுளை பராமரிப்பாளர்:

வளைகுடாவில் விமானப் பராமரிப்பில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு இந்தச் சேமிப்பில் பாதி நம்பிக்கைதான், மன்னிக்கவும். ஹட்டன் அக்காவின் கணக்கில் தவறில்லை, ஆனால் அந்தக் கணக்கில் விசிறி அலகு (சுழலும் தகடு) ஒன்று கூட இல்லை.

உடலோடு ஒட்டிய எஞ்சினின் வாயில் கீழ்ப்பாதியில் மந்தக் காற்றும் மேற்பாதியில் விரைந்த காற்றும் நுழைகின்றன. ஆகவே ஒவ்வோர் அலகும் ஒரு சுற்றில் ஒரு தடவை மந்தத்துக்குள் போய் வெளியே வருகிறது, அதாவது அதன் மீதான சுமை ஒரு தடவை ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்தால் செக்கனுக்கு 50 தடவை, ஒரு மணித்தியாலத்தில் 180,000 தடவை. உலோகக் களைப்பு என்பது இப்படித்தான் வளர்கிறது. அதைத் தாங்குவதற்கு அலகைத் தடிப்பாக்கினால் நிறை கூடும், விசிறியின் வினைத்திறனும் சற்று இறங்கும், மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். நாசா 2016 இல் தன் கிளென் ஆய்வு மையத்தில் இத்தகைய சீரற்ற காற்றைத் தாங்கும்படி செய்த விசிறியை ஓட்டிப் பார்த்ததற்குக் காரணமே இந்தச் சந்தேகம்தான்.

பராமரிப்பையும் சொல்லவேண்டும். கீழே தொங்கும் எஞ்சினின் மூடியைத் திறந்து, நிலத்தில் நின்றபடியே எண்ணெய் மட்டத்தைப் பார்த்துவிடலாம். வால் முதுகில் இருக்கும் எஞ்சினுக்கு ஒவ்வொரு தடவையும் மேடை கட்டி ஏறவேண்டும், கையிலிருந்து நழுவும் திருகாணி உடலின் மேல்தான் விழும். விமானக் கம்பனிகள் எரிபொருள் பட்டியலோடு இந்த மணித்தியாலங்களையும் சேர்த்துத்தான் விலை பேசுகின்றன.

தியத்தலாவை ரிஜிபோம்:

நான் ரிஜிபோம் அட்டையில் மாதிரி விமானம் செய்பவன் மட்டுமே, ஆனாலும் பின்புற எஞ்சினுக்குச் சாட்சி சொல்ல ஒரு முழு அளவு விமானம் இருக்கிறது. செஸ்னா 337 ஸ்கைமாஸ்டரில் மூக்கில் ஒன்றும் உடலின் பின்னால் ஒன்றுமாக இரண்டு எஞ்சின்கள். இரண்டும் ஒரே வலுவுடையவை. முன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னதை மட்டும் ஓட்டினால், பின்னதை நிறுத்தி முன்னதை ஓட்டுவதை விட அது நன்றாக ஏறும். முன் புரொப்பெல்லர் பீச்சும் விரைந்த காற்று உடல் முழுவதும் உரசிக்கொண்டு போகிறது. பின் புரொப்பெல்லரோ சட்டென்று ஒடுங்கும் பின்னுடலின் மேல் காற்று பிரிந்துவிடாமல் தன் பக்கம் உறிஞ்சி எடுக்கிறது. அதே விமானம் தரையில் நிற்கும்போது பின் எஞ்சின் குளிர்காற்று போதாமல் சூடேறும் என்பதும், அது நின்றுவிட்டதை விமானி கவனிக்காமலே ஓடுபாதையில் புறப்பட்டுவிடும் ஆபத்து உண்டு என்பதும் பதுளை அண்ணாவின் கட்சிக்கு உதவும்.

இத்தாலியின் பியாஜியோ அவாந்தியையும் பார்க்கலாம். புரொப்பெல்லர்கள் இறக்கைக்குப் பின்னால் இருப்பதால் இறக்கையின் மேல் கலங்காத காற்றே ஓடுகிறது, எல்லைப்படை நீண்ட தூரம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இறக்கையை விட்டு வரும் மந்தக் காற்றையும் எஞ்சினின் சூடான புகையையும் அலகுகள் வெட்டிக்கொண்டே சுழல்வதால் அதன் சத்தம் தனி ரகம்.

கொட்டகலை ஆசிரியர்:

அருமையான விளக்கங்கள். 2.5 இலிருந்து 2.0 வரையான கணக்கை நாளையே கரும்பலகையில் எழுதப்போகிறேன். ஆனால் மாணவி கேட்ட ஹொண்டாஜெட்டில் எஞ்சின் உடலைத் தொடவுமில்லை, எல்லைப்படையை விழுங்கவுமில்லை. அங்கே நடப்பது என்ன?

பேராதனைப் பழைய மாணவன்:

அது வேறு கதை சேர், என் பார்வையில் இந்த இழையிலேயே மிகச் சுவையான கதையும் அதுதான்.

இறக்கையின் மேற்பரப்பில் காற்று விரைந்து ஓடுவதால்தான் அங்கே அமுக்கம் குறைந்து தூக்குவிசை பிறக்கிறது. விமானம் ஒலிவேகத்தின் 0.7 மடங்கு அளவில் செல்லும்போது, மேற்பரப்பின் சில இடங்களில் காற்று ஒலிவேகத்தையே தாண்டிவிடும். அந்த மிகுவேகப் பகுதி ஓர் அதிர்ச்சியலையில் சட்டென்று முடிகிறது. அந்த அலையால் வரும் இழுவை, வேகம் சற்றுக் கூடினாலும் மளமளவென்று ஏறும். இப்படிப்பட்ட இடத்தின் மேல் கொண்டுபோய் ஒரு எஞ்சின் உறையை வைத்தால், உறைக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியில் காற்று கணவாய்க்குள் புகுந்த காற்றைப் போல இன்னும் விரைந்து, அலை இன்னும் வலுக்கும். ஆகவே இறக்கைக்கு மேலே எஞ்சின் கூடாது என்பதே பொறியியலாளர்களின் பொதுவான முடிவாக இருந்தது. 1971 இல் பறந்த ஜேர்மனியின் விஎஃப்டபிள்யூ 614 மேலே எஞ்சின் வைத்தது உண்மைதான். ஆனால் கரடுமுரடான ஓடுபாதையின் கற்கள் எஞ்சினுக்குள் போகாமலிருப்பதும் சக்கரக்கால்களைக் குட்டையாக வைப்பதுமே அதன் நோக்கம். அதில் 19 விமானங்களே கட்டப்பட்டன.

ஹொண்டாவின் மிச்சிமாசா புஜினோ செய்தது, உறையை முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் இழுவையை அளந்து பார்த்ததுதான். உறையின் வாய் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய முக்கால் பங்கு பின்னால் வரும்படி வைத்தபோது விளைவு தலைகீழாக மாறியது. எஞ்சின் வாயை நெருங்கும் காற்று வேகம் குறைந்து அமுக்கம் கூடுகிறது அல்லவா? அந்த அமுக்கம் முன்னோக்கிப் பரவி, இறக்கையின் மேலுள்ள மிகுவேகப் பகுதியின் உச்ச வேகத்தைத் தணிக்கிறது, அதனால் அதிர்ச்சியலை பலவீனமாகிறது. ஆகவே அந்த வேகத்தில் உறையோடு சேர்ந்த இறக்கையின் அலை இழுவை, உறையில்லாத இறக்கையினதை விடவும் குறையலாம். சில அங்குலம் முன்னே தள்ளியிருந்தால் அதே எஞ்சின் அதே இறக்கைக்குக் கேடாக முடிந்திருக்கும். எஞ்சினுக்கு ‘சும்மா கிடக்கும் காற்று’ எங்கே என்று தேடுவதை விட, அதன் காற்றும் இறக்கையின் காற்றும் ஒன்றையொன்று எங்கே திருத்துகின்றன என்று தேடவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

முதற் பறப்பு 2003 டிசம்பரில், அமெரிக்கச் சான்றிதழ் 2015 டிசம்பரில். உடலின் பின்புறத்தில் எஞ்சினைத் தாங்கும் சட்டம் தேவைப்படாததால் அறையும் நீளமாகக் கிடைத்தது.

நோர்வூட் மாணவி:

சேர், அக்கா, எனக்கு இரண்டு சந்தேகங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் நீர்விமானத்துக்கு எஞ்சின் மூக்கில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தூவானம் படாமல் அதை மேலே வைப்பது நல்லதில்லையா? இரண்டாவது, மலையகத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் எஞ்சினின் சிறந்த இடமும் மாறுமா?

ஹட்டன் பொறியியலாளர்:

நல்ல கேள்விகள், தங்கச்சி. அங்கே வரும் செஸ்னா கரவான் தரையில் இறங்கும் விமானமாகப் பிறந்து, பிறகு மிதவை பூட்டப்பட்டது. ஆகவே எஞ்சினின் இடம் தண்ணீரை நினைத்துத் தெரிவு செய்யப்பட்டதல்ல. ஓடத் தொடங்கும்போது மிதவையின் முன்புறத்திலிருந்து எழும் தூவானம் புரொப்பெல்லரைத் தொடும் அந்தச் சில செக்கன்களில், ஒவ்வொரு துளியும் அலகின் முன்விளிம்பில் சிறு குழி போடுகிறது. நீர்விமானத்தின் அலகை விரலால் தடவினால் நுனிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அதை அவ்வப்போது அரத்தால் தேய்த்துச் சீராக்குவார்கள்.

தண்ணீருக்கென்றே பிறந்த விமானங்களில் நீங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு அறிவித்த லெனார்ட் பர்ச்சலின் கற்றலினா, கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட விமானம். அதில் இறக்கை முழுவதையும் உடலுக்கு மேலே ஒரு தூணில் தூக்கி, எஞ்சின்களை அதில் பதித்திருந்தார்கள். ரஷ்யாவின் பெரியெவ் பிஈ-200 இல் இரண்டு ஜெட் எஞ்சின்களும் இறக்கைக்கு மேலே, பின்புறத்தில் நிற்கின்றன.

இதற்கும் விலை உண்டு. உந்துவிசையின் கோடு ஈர்ப்புமையத்துக்கு மேலே போனால், வலுவைக் கூட்டும்போது மூக்கு தாழும், குறைக்கும்போது எழும். மூக்கைச் சமனாகப் பிடிக்க வால் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்; அந்த அழுத்தத்தை ஈடுசெய்ய இறக்கை மேலதிகமாகத் தூக்கவேண்டும்; மேலதிகத் தூக்கு என்றால் மேலதிக இழுவை. எஞ்சின் உறையின் இழுவையை மட்டும் அளந்துவிட்டு இதை மறப்பவர்கள் பலர்.

இரண்டாவதற்குச் சுருக்கமான விடை. ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்திலுள்ள காசல்ரீயில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விடச் சுமார் 10 சதவீதமும், 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் சுமார் 17 சதவீதமும் குறைவு. புரொப்பெல்லரின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் சேர்ந்தே குறைவதால் எழும்புவதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். எந்த இடம் சிறந்தது என்பதை அது மாற்றாது.

கொட்டகலை ஆசிரியர்:

அப்படியானால் உடலும் இறக்கையும் கலந்த விமானத்தில் எஞ்சின் பின்முதுகில் இருப்பது எல்லைப்படையை விழுங்குவதற்காகத்தானே?

ஹட்டன் பொறியியலாளர்:

பெரும்பாலும் இல்லை, சேர். விழுங்கலாம் என்ற யோசனை உண்டு, ஆனால் அந்த வடிவத்தின் சேமிப்பில் பெரும்பகுதி வடிவத்திலிருந்தே வருகிறது: உடலும் தூக்குவிசை தருகிறது, தனியான வால் தேவைப்படுவதில்லை, காற்றோடு உரசும் பரப்பு குறைகிறது. கீழே தொங்கவிட்டால் சக்கரக்கால்களை நீட்டவேண்டும். மேலே வைத்தால் அகன்ற உடலே கீழே நிற்பவர்களுக்கு இரைச்சலை மறைக்கும் தட்டாகிவிடும். 2007 இல் பறந்த போயிங் எக்ஸ்-48பி மாதிரியில் மூன்று எஞ்சின்கள் இருந்தன. 2012 இன் எக்ஸ்-48சி அவற்றை இரண்டாக்கி, பின்தளத்தை நீட்டி, இறக்கை நுனியில் இருந்த செங்குத்துத் துண்டுகளை எஞ்சின்களின் இரு பக்கங்களுக்கும் கொண்டுவந்தது இரைச்சலை மறைப்பதற்காகவே.

பதுளை பராமரிப்பாளர்:

இன்னொன்றும் உண்டு. மூக்கு மிக உயரும்போது முதுகின் மேலுள்ள காற்று பிரிந்துவிட்டால், வலு மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே பின்னாலுள்ள எஞ்சின்களுக்கு நல்ல காற்று போகாது. கீழே தொங்கும் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தியத்தலாவை ரிஜிபோம்:

சேர், விருப்பமென்றால் வகுப்புக்கு ஒரு மாதிரி செய்து தருகிறேன். ஒரே உடல், ஒரே மோட்டர், ஒரே புரொப்பெல்லர். மூக்கில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு பூட்டுமிடங்கள். ஒரே வேகத்தில் சமமட்டமாகப் பறக்க எத்தனை வாட் செலவாகிறது என்பதைப் பதியும் சிறு கருவியை உள்ளே வைத்தால் மாணவர்களே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஹட்டன் பொறியியலாளர்:

செய்யுங்கள் தம்பி, இரண்டு விடயங்களைக் கவனித்துக்கொண்டு. மோட்டரை வாலுக்கு மாற்றும்போது பற்றரியை முன்னே நகர்த்தி ஈர்ப்புமையத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது எஞ்சினின் இடத்தையல்ல, வாலின் சுமையையே. மோட்டரை உயரத்தில் பூட்டுவதென்றால் தண்டின் பின்முனையைச் சற்று உயர்த்தி, உந்துவிசையின் கோடு ஈர்ப்புமையத்துக்கு அருகே போகும்படி சாய்த்துவிடுங்கள். கிடைக்கும் சதவீதத்தைப் பெரிய விமானத்துக்குப் பொருத்தவும் வேண்டாம். 20 சென்ரிமீற்றர் அகல இறக்கை செக்கனுக்கு 12 மீற்றரில் போகும்போது, காற்றின் உந்தத்தை அதன் பிசுக்குமையோடு ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 160,000 தான், பயணிகள் விமானத்தில் அது கோடிகளில் இருக்கும். மாதிரியின் எல்லைப்படை அதன் உடலோடு ஒப்பிட மிகவும் தடிப்பானது, ஆகவே வால் மோட்டர் அங்கே தகுதிக்கு மேலாகவே வெற்றி பெறக்கூடும்.